ஸ்டாண்ட் மிக்ஸரா, ஃபுட் பிராசஸரா? டெல்டா வீடுகளில் பேக்கிங் செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு வீட்டில் ஓடிஜி என்னும் சிறிய மின் ஓவன் வாங்கி, கேக்கும் பிஸ்கட்டும் சுட்டுக் கை பழகிய பிறகு, அடுத்து எந்த இயந்திரத்தை வாங்குவது என்ற கேள்வி தானாகவே வந்துவிடும். கடையில் ஸ்டாண்ட் மிக்ஸர் கம்பீரமாக நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே மாவு பிசையும், காய் நறுக்கும், தேங்காய் துருவும் என்று பெட்டி முழுக்க எழுதிய ஃபுட் பிராசஸர் குறைந்த விலையில் இருக்கும். இரண்டுமே மாவு பிசையும் என்பது உண்மைதான். ஆனால் பேக்கிங்கில் அவை செய்யும் வேலை அடிப்படையிலேயே வேறு. நம் பகுதியின் வெக்கை அந்த வேறுபாட்டை இன்னும் பெரிதாக்கிவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக்ஸியும் கிரைண்டரும் ஏற்கெனவே இருக்கும் ஒரு டெல்டா வீட்டுச் சமையலறையில் உண்மையாகவே இல்லாதது, முட்டையிலும் வெண்ணெயிலும் காற்றை அடித்து ஏற்றும் கருவிதான். ஆகவே கேக்கும் பன்னும் முதன்மையாகச் செய்பவர் ஸ்டாண்ட் மிக்ஸரையும், பிஸ்கட், டார்ட், பஃப் போன்றவற்றை முதன்மையாகச் செய்பவர் ஃபுட் பிராசஸரையும் வாங்குவதே சரி. இந்த முடிவுக்கு நீங்கள் எந்த வழியில் வந்து சேரலாம், உங்கள் வீட்டுக்கு அது எங்கே மாறும் என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: இரண்டும் எப்படி இயங்குகின்றன என்பதைப் புரிந்துகொள்ளுதல்

ஸ்டாண்ட் மிக்ஸர் ரொட்டிக் கடைகளிலிருந்து வீட்டுக்கு வந்த இயந்திரம். அமெரிக்காவின் ஹோபார்ட் நிறுவனம் முதலில் பெரிய அடுமனைகளுக்கான மிக்ஸர்களைச் செய்து, பிறகு 1919-இல் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்கான சிறிய வடிவத்தைக் கொண்டுவந்தது. இதில் கிண்ணம் அசையாது. மேலிருந்து இறங்கும் பீட்டர் தன்னைத் தானே சுற்றிக்கொண்டே கிண்ணத்தையும் சுற்றி வரும். தட்டையான பீட்டர் வெண்ணெயும் சர்க்கரையும் கலக்க, கம்பி விஸ்க் முட்டையையும் கிரீமையும் நுரைக்க, கொக்கி ஈஸ்ட் மாவைப் பிசைய என்று மூன்று துணைக் கருவிகள் உடன் வரும். மூன்றிலும் வெட்டும் முனை என்று எதுவும் கிடையாது.

ஃபுட் பிராசஸர் பிரான்சின் உணவகச் சமையலறைகளில் பிறந்தது. பியேர் வெர்தன் உருவாக்கிய ரோபோ கூப் என்ற அந்த இயந்திரத்தின் வீட்டு வடிவம் 1970-களின் தொடக்கத்தில் மாஜிமிக்ஸ், குசினார்ட் என்ற பெயர்களில் பரவியது. அகலமான கிண்ணத்தின் அடியில் எஸ் வடிவக் கத்தி வேகமாகச் சுழன்று, எதிர்ப்படும் எல்லாவற்றையும் வெட்டும். மாவு பிசையும்போதும் அது செய்வது வெட்டுவதுதான். வெட்டி வெட்டி ஒட்டவைப்பதால் ஒரு நிமிடத்துக்குள் மாவு திரண்டுவிடுகிறது. அதே வேகம் உராய்வினால் மாவைச் சூடாக்கவும் செய்கிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது அனைத்தும் எளிதில் விளங்கும்.

இரண்டாம் படி: வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கில் எடுத்தல்

வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் தவறான இயந்திரத்தில் போய் நிற்பதற்கு இந்தப் படியை விட்டுவிடுவதுதான் காரணம். அவை மிக்ஸியும் கிரைண்டரும் இல்லாத சமையலறைக்காக எழுதப்பட்டவை. இங்கோ, 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப் பிறகு இவ்விரண்டும் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

பேக்கிங்குக்கான வறட்டு வேலைகள் பெரும்பாலும் மிக்ஸியிலேயே முடிந்துவிடும். நம் ஊர்ச் சர்க்கரை பரல் பரலாக இருப்பதால் கேக்குக்கு அதைப் பொடித்தே போட வேண்டியிருக்கிறது. முந்திரியையும் பாதாமையும் பொடிப்பது, ரஸ்க்கைத் தூளாக்குவது, ஏலக்காயைச் சர்க்கரையோடு சேர்த்து அரைப்பது என எதற்கும் புதிய இயந்திரம் தேவையில்லை. முந்திரியை மட்டும் ஒரே மூச்சில் ஓட்டாமல், விட்டு விட்டு ஓட்ட வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் விட்டுக்கொண்டு விழுதாகிவிடும்.

டேபிள் டாப் கிரைண்டருக்கு மாவு பிசையும் துணைக் கருவி தனியாகக் கிடைக்கும். கல்லை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினால், அரைக் கிலோ மைதாவில் பன் மாவை அது பொறுமையாகப் பிசைந்து தரும். மெதுவாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடாவதும் இல்லை. வாரம் ஒரு முறை மட்டும் பன் செய்யும் வீட்டுக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. வெட் கிரைண்டர் டிரம்மைப் பயன்படுத்தும் முன் இட்லி மாவின் புளிப்பு வாடை போகக் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும்.

ஆனால் மிக்ஸியை ஃபுட் பிராசஸராக எண்ணிவிடக் கூடாது. மிக்ஸி ஜாரின் அடி குறுகியது, பிளேடின் வேகமோ பல மடங்கு அதிகம். மைதாவும் வெண்ணெயும் போட்டால் அடியில் இருப்பது உருகிப் பசையாகி, மேலே இருப்பது மாவாகவே கிடக்கும்.

மூன்றாம் படி: நீங்கள் சுடுவதைப் பட்டியலிடுதல்

கடந்த சில மாதங்களில் உங்கள் அடுப்புக்குள் போனவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். இனிமேல் செய்ய ஆசைப்படுபவற்றை எழுத வேண்டாம். செய்தவற்றை மட்டும் எழுதுங்கள்.

வெண்ணெய் கேக், பிளம் கேக் ஆகியவற்றுக்கு அடிப்படை, வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து வெளுத்துப் பொங்கும்வரை அடிப்பது. சர்க்கரைத் துகள்கள் வெண்ணெயைக் கீறிக் கீறி நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் அந்த அறைகளைப் பெரிதாக்குமே தவிரப் புதிதாக உண்டாக்காது. தட்டை பீட்டர் இதை நான்கைந்து நிமிடத்தில் செய்யும். ஃபுட் பிராசஸரில் செய்தால் வெண்ணெய் சர்க்கரையோடு நன்றாகக் கலந்துவிடும், ஆனால் பொங்காது; கேக் கனத்து, அடியில் ஒரு பிசுபிசுப்பான அடுக்கு தங்கும்.

ஸ்பாஞ்ச், மெரிங் என்னும் வெள்ளைக்கரு நுரை இனிப்பு, பிறந்தநாள் கேக்கின் மேல் பூசும் கிரீம் ஆகிய மூன்றும் விஸ்க்கின் வேலைகள். முட்டையும் சர்க்கரையும் எட்டுப் பத்து நிமிடம் அடிபட்டு, விஸ்க்கைத் தூக்கினால் வழியும் கலவை மேலே நாடாவாக விழுந்து சில நொடிகள் கலையாமல் நிற்க வேண்டும். ஃபுட் பிராசஸரால் இந்தப் பதத்தைத் தர இயலாது. நாகூர், காரைக்கால் பக்கத்து வீடுகளில் ரவை, முட்டை, சர்க்கரை, நெய் சேர்த்துச் சுடும் தம்ரூட்டையும் இந்த வரிசையிலேயே வைக்கலாம். முட்டை நன்றாக அடிபட்டிருந்தால் ரவை கனத்து அடியில் இறங்காமல் மேலே மெத்தென்று எழும்.

முட்டை சேர்க்காத வீடுகள் இங்கே ஏராளம். தயிரும் சோடாவும் எண்ணெயும் சேர்த்துச் செய்யும் கேக் மாவை அடிக்கவே கூடாது, கலந்தால் போதும். ஸ்டாண்ட் மிக்ஸரில் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டினால் மைதாவின் பசைத்தன்மை வலுத்து, கேக் ரப்பராகிவிடும். அந்தக் கேக் மட்டுமே செய்பவருக்கு இரண்டு இயந்திரமும் வேண்டாம்; ஒரு நல்ல கைக் கம்பி விஸ்க்கும் அகலப் பாத்திரமும் போதும். கிரீம் பூச ஆசை இருந்தால் ஹேண்ட் மிக்ஸர் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

பிஸ்கட்டில்தான் ஃபுட் பிராசஸரின் அருமை தெரியும். கால் கிலோ மைதாவை உப்போடு கிண்ணத்தில் போட்டு, 125 கிராம் வெண்ணெயைச் சின்னச் சதுரங்களாக நறுக்கி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சி மாறாமல் அதன்மேல் தூவி, பல்ஸ் பொத்தானை ஒரு நொடி அழுத்தி ஒரு நொடி விட வேண்டும். எட்டுப் பத்து முறையில் ரவைப் பதம் வந்துவிடும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பட்டாணி அளவில் வெண்ணெய் தெரிந்தால் இன்னும் நல்லது, மொறுமொறுப்பு அதில்தான் இருக்கிறது. பிறகு ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு, புட்டு மாவைப் போலப் பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிரும் நிலையில் நிறுத்திவிட வேண்டும். கிண்ணத்தில் உருண்டை திரளும்வரை ஓட்டினால் பதம் தாண்டிவிட்டது என்று பொருள். ஸ்டாண்ட் மிக்ஸரிலும் இதைச் செய்யலாம். ஆனால் சில நிமிடங்கள் ஆகும். 35 டிகிரி வெக்கையில் அந்தச் சில நிமிடங்களுக்குள் வெண்ணெய் இளகத் தொடங்கிவிடும்.

கேரட் துருவுவது, தேங்காய் பன்னுக்குள் வைக்கும் பூரணத்துக்குத் தேங்காயைப் பொடிப்பது போன்றவற்றையும் ஃபுட் பிராசஸர் நொடியில் முடிக்கும். ஆனால் ஒரு தேங்காய்க்காகவும் நான்கு கேரட்டுக்காகவும் அதைக் கழுவிக் கவிழ்க்கும் நேரத்தில் துருவியிலேயே வேலை முடிந்துவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: வெக்கையைக் கணக்கிடுதல்

டெல்டாவில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெளியே 35 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். சமையலறைக்குள் ஓவனும் எரிந்தால் நிலைமை இன்னும் மோசம். வெண்ணெய் காற்றைப் பிடித்துக்கொள்வது ஏறத்தாழ 18 முதல் 20 டிகிரியில். முப்பதைத் தாண்டியதும் எண்ணெயாக இளகி, எவ்வளவு நல்ல ஸ்டாண்ட் மிக்ஸரில் போட்டாலும் பொங்காது. "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று எந்தச் செய்முறையாவது சொன்னால், அது நம் அறையைப் பற்றிச் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, சதுரங்களாக நறுக்கி ஐந்து முதல் பத்து நிமிடம் மட்டும் வெளியே வைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் மினுமினுப்பு ஒட்டக் கூடாது என்று பார்த்து அடிக்கத் தொடங்க வேண்டும். ஸ்டாண்ட் மிக்ஸரின் எஃகுக் கிண்ணத்தை முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் வைக்க முடிவது இங்கே பெரும் வசதி. கேக் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வது அதைவிடச் சிறந்தது.

ஈஸ்ட் மாவுக்கு ஒரு கணக்கு உண்டு. அடுமனைக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் வெப்பம், மைதாவின் வெப்பம், இயந்திரம் உராய்வினால் ஏற்றும் வெப்பம் மூன்றையும் கழித்தால், ஊற்ற வேண்டிய தண்ணீரின் வெப்பம் கிடைக்கும். வைகாசியில் அறை 34, மைதா 33, ஸ்டாண்ட் மிக்ஸரின் உராய்வுக்குத் தோராயமாக 12 என்றால், 78-இலிருந்து 79-ஐக் கழிக்க வேண்டியிருக்கிறது. விடை பூஜ்யத்துக்கும் கீழே. அதாவது தண்ணீரின் ஒரு பகுதியை உடைத்த ஐஸாக எடை போட்டுச் சேர்க்க வேண்டும், அல்லது மைதாவை முதல் நாளே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மார்கழியில் அறை 26, மைதா 25 என்றால் 15 டிகிரித் தண்ணீர் போதும். எந்த மாதத்திலும் வெதுவெதுப்பான தண்ணீர் நமக்குத் தேவைப்படுவதில்லை. ட்ரை ஈஸ்ட்டைக் கரைக்க எடுக்கும் சிறிதளவு மட்டும் விதிவிலக்கு.

ஃபுட் பிராசஸரில் பன் மாவு பிசைவதானால், எக்காலத்திலும் ஃப்ரிட்ஜ் தண்ணீர்தான். 45 முதல் 60 நொடிக்குள் நிறுத்தி, கையால் எடுத்துப் பார்க்க வேண்டும். மாவைச் சூடாக உணர்ந்தால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. நம் கடை மைதாவில் புரதம் அதிகம் இருப்பதில்லை என்பதால் ஒரு நிமிடக் கூடுதல் வெட்டுக்கே மாவு தளர்ந்து பிசுபிசுத்துவிடும். ஸ்டாண்ட் மிக்ஸரில் குறைந்த வேகத்தில் எட்டுப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் இடையில் நிறுத்தி, ஒரு சிட்டிகை மாவை விரல்களால் விரித்து, கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்ய அவகாசம் கிடைக்கிறது. கற்றுக்கொள்பவருக்கு இந்த அவகாசம் விலைமதிப்பற்றது.

ஐந்தாம் படி: அளவைத் தீர்மானித்தல்

ஐந்து லிட்டர் கிண்ணமுள்ள ஸ்டாண்ட் மிக்ஸரில் அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ மைதா வரை நிம்மதியாகப் பிசையலாம். ஒற்றை முட்டையின் வெள்ளைக்கருவை அதில் அடிக்க முயன்றால் பெரும்பாலும் விஸ்க் எட்டாது. இரண்டரை லிட்டர் ஃபுட் பிராசஸரில் 300, 400 கிராமுக்கு மேல் ஈஸ்ட் மாவு போட்டால் மோட்டார் திணறும். ஆர்டர் எடுத்துக் கேக் செய்து கொடுப்பவருக்கு ஐந்து லிட்டருக்குக் குறைந்தது வேண்டாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

ஆறாம் படி: கடையில் பார்க்க வேண்டியவை

வாட் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. அது இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவே தவிர, கெட்டி மாவைத் திருப்பும் வலிமையின் அளவு அல்ல. 300 வாட்டில் ஒழுங்கான உலோகப் பற்சக்கரம் கொண்டது, 1200 வாட்டில் பிளாஸ்டிக் பற்சக்கரம் கொண்டதைவிட நெடுநாள் உழைக்கும். உள்ளே பற்சக்கரம் எதனால் ஆனது, மாவு பிசையத் தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறது, ஓடும்போது தலைப்பகுதி மேலும் கீழும் ஆடாமல் இருக்கப் பூட்டு உறுதியாக இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். எடை அதிகமாக இருப்பது நல்லது. எடை குறைந்தது மாவு பிசையும்போது மேடையில் நகர்ந்துகொண்டே போகும். தலையை மேலே தூக்கும் வகை என்றால், வீட்டில் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையிலான உயரத்தை முன்கூட்டியே அளந்துகொண்டு போக வேண்டும். பரணில் ஏற்றி இறக்க வேண்டிய இயந்திரம் பரணிலேயே தங்கிவிடும்.

பீட்டரும் கொக்கியும் பளபளப்பான வெற்று அலுமினியமா, பூச்சு பூசியதா, எவர்சில்வரா என்று பாருங்கள். வெற்று அலுமினியம் கடுமையான பாத்திரச் சோப்புத் தூளால் கறுத்து, அடிக்கும் கிரீமில் சாம்பல் நிறம் இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இருப்பதால், கூடுதல் விலையானாலும் எவர்சில்வரையே எடுப்பது நல்லது.

சர்வீஸ் என்பது டெல்டாவில் தனிக் கவலை. பெருநகரத்தில் மட்டும் சர்வீஸ் சென்டர் வைத்திருக்கும் பிராண்டை வாங்கினால், பழுதானபோது பத்துக் கிலோ இயந்திரத்தைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டியிருக்கும். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ அதற்கு உரிய இடம் இருக்கிறதா என்று வாங்குமுன் தொலைபேசியில் பேசி உறுதிசெய்யுங்கள். கார்பன் பிரஷ், கப்ளர் போன்றவற்றைத் தெருமுனை மிக்ஸி மெக்கானிக்கே மாற்றிவிடுவார். பற்சக்கரமும் சர்க்யூட் போர்டும் அவரிடம் கிடைக்காது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துபாயிலும் இருக்கும் உறவினர் வாங்கி வரும் இயந்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்நாடுகளின் மின்னழுத்தம் நம் 230 வோல்ட்டை ஒட்டியதே என்பதால், பிளக்கை மாற்றினால் போதும். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கானது. அதை நேரடியாகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். இயந்திரத்தின் வாட்டைப்போல் இரு மடங்கு தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

ஏழாம் படி: மின்சாரத்துக்கு ஏற்பாடு

1500 வாட்டுக்கு மேற்பட்ட ஓடிஜியையும் மிக்ஸரையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகவே கூடாது. ஓவனுக்குத் தனி 16 ஆம்பியர் இணைப்பு இருக்கட்டும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோவதை எதிர்பார்த்தே வேலையைத் திட்டமிட வேண்டும். பாதியில் நின்ற ஈஸ்ட் மாவை ஈரத்துணி போட்டு மூடி வைத்து, பிறகு கையாலேயே பிசைந்து முடிக்கலாம். பாதியில் நின்ற முட்டை நுரை காத்திருக்காது. ஒரு கை விஸ்க்கை எப்போதும் பக்கத்திலேயே வைத்திருங்கள். சாதாரண 850 விஏ இன்வெர்ட்டர் ஏறத்தாழ 650 வாட்தான் தாங்கும் என்பதால் 1000 வாட் மிக்ஸரை அதில் ஓட்ட முயலக் கூடாது. 300 வாட் ஹேண்ட் மிக்ஸர் ஓடும்.

எட்டாம் படி: வாங்கியபின் முதல் சோதனைகள்

ஸ்டாண்ட் மிக்ஸரானால், காலிக் கிண்ணத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு, தட்டை பீட்டரைப் பொருத்தி மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பீட்டர் நாணயத்தைத் தொட்டுச் சிறிது நகர்த்தினால் உயரம் சரி. தொடவேயில்லை என்றால் அடியில் வெண்ணெய் கலக்காமல் தங்கும். கிண்ணத்தையே உரசினால் பூச்சு உரியும். பெரும்பாலான நல்ல இயந்திரங்களில் தலைப்பகுதிக்கு அருகே இதைச் சரிசெய்யும் திருகு ஒன்று இருக்கும். கால் சுற்று திருப்பிவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஃபுட் பிராசஸரானால், முதலில் பிஸ்கட் மாவு செய்து பாருங்கள். எத்தனை பல்ஸில் ரவைப் பதம் வருகிறது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

இரண்டில் எதை வாங்கினாலும், ஒரு சமையல் வெப்பமானி வாங்கி, முதல் ஈஸ்ட் மாவின் முடிவில் அதைச் செருகிப் பாருங்கள். மாவின் வெப்பத்தை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறை, மைதா, தண்ணீர் மூன்றின் வெப்பத்தையும் கழித்தால் உங்கள் இயந்திரத்தின் உண்மையான உராய்வு எண் கிடைத்துவிடும். மாவு 28, அறை 31, மைதா 30, தண்ணீர் 10 என்று இருந்தால், 84-இலிருந்து 71 போக 13. அடுத்த முறை தண்ணீருக்கான கணக்கில் நான் மேலே போட்ட 12-க்குப் பதிலாக அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மாவின் அளவை மாற்றினால் மட்டும் மீண்டும் ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும்.